ஹிஸ்டமின் இறக்கும் ரத்த அழுத்தத்தை எந்த மருந்து எப்படி மாற்றுகிறது?

கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மயக்கத்தில் இருக்கும் பூனையின் ரத்த அழுத்தப் பதிவில், ஹிஸ்டமினைத் தடுக்கும் மெபிரமின் என்ற மருந்தைக் கொடுத்த பிறகும் ஹிஸ்டமின் ஊசிக்குக் கோடு ஏன் இறங்குகிறது? அட்ரினலின் கொடுத்ததும் கோடு ஏறிவிடுகிறதே, அப்படியானால் அதுவும் ஒருவகை ஆன்டிஹிஸ்டமின்தானா? பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடுமையான அலர்ஜி வந்தால் கணக்கு மாறுமா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ஏற்பியை, அதாவது செல்லில் ஹிஸ்டமின் வந்து உட்காரும் இடத்தை, அடைப்பது வேறு, விழுந்த அழுத்தத்தைத் தூக்குவது வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் தேர்வில் மார்க் போவது பெரிய நஷ்டமில்லை, அவசர சிகிச்சைப் பிரிவில் உயிரே போகும்.

அலர்ஜியின்போது உடலின் மாஸ்ட் செல்கள் வெளியே கொட்டும் ரசாயனம்தான் ஹிஸ்டமின். முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் இதை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். பூனைக்கும் நாய்க்கும் அழுத்தம் சட்டென்று இறங்கியது. மயக்கத்தில் இருந்த முயலுக்கு ஏறியது. கினிப்பன்றியோ அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கே வாய்ப்பு தராமல் மூச்சுக்குழாய் இறுகிச் செத்துப்போனது. ஆக, ஒரே மூலக்கூறு, விலங்குக்கு விலங்கு வேறு முகம் காட்டுகிறது. மனிதர்கள் இந்த விஷயத்தில் பூனை, நாய் பக்கம்தான்.

அழுத்தம் இறங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நுண்தமனிகள் விரிந்து ரத்த ஓட்டத்துக்கான தடை குறைந்துவிடுகிறது. இன்னொன்று, தந்துகிகளுக்கு அடுத்து வரும் நுண்சிரைகளின் உள்சுவர் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இடைவெளி விட, பிளாஸ்மா திசுக்களுக்குள் கசிகிறது. சிறிய டோஸில் முதல் காரணம்தான் முக்கியம், அதனால் கோடு இறங்கினாலும் தானே மீண்டுவிடும். பெரிய அளவில், அதாவது அனாஃபிலாக்ஸிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான அலர்ஜியில், கசிவும் சேர்ந்துகொள்கிறது. குழாய்களுக்குள் இருக்கும் திரவத்தில் 35 சதவீதம் வரை பத்தே நிமிடத்தில் வெளியேறிவிடலாம். வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலேயே ஆள் ரத்தம் இழந்தவர் நிலைக்குப் போய்விடுகிறார். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தச் சொல்வதும், சலைன் லிட்டர் கணக்கில் ஏற்றுவதும், திடீரென்று எழுந்து உட்கார விடாதீர்கள் என்று எச்சரிப்பதும் இதனால்தான்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். கழுத்துத் தமனியில் குழாய் பொருத்தியிருக்கிறது, சிரை வழியே ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் அளவில் ஹிஸ்டமின் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நொடிகளில் கோடு செங்குத்தாக இறங்கும், அடியில் கொஞ்சம் நிற்கும், பிறகு மெதுவாகச் சாய்வாக ஏறிப் பழைய இடத்துக்கு வரும். இந்தப் படத்தில் எல்லோரும் பள்ளத்தின் ஆழத்தை மட்டும்தான் அளக்கிறார்கள். அகலத்தையும் அளந்து பாருங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

மெபிரமின் கொடுத்துவிட்டு அதே 1 மைக்ரோகிராமைத் திரும்பக் கொடுத்தால் பள்ளம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். சரி, வேலை முடிந்தது என்று நினைத்து டோஸை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கோடு மறுபடியும் இறங்க ஆரம்பிக்கும். இதற்கு ஒரு விளக்கம் உடனே கைக்கு வரும்: மெபிரமினும் ஹிஸ்டமினும் ஒரே ஏற்பிக்குப் போட்டி போடுகின்றன, ஹிஸ்டமினைக் கூட்டினால் அது ஜெயிக்கிறது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. போட்டி மட்டுமே காரணமென்றால் மெபிரமினையும் கூட்டக் கூட்ட அந்தப் பெரிய டோஸின் பள்ளமும் மறையவேண்டும். மறைவதில்லை. ஒரு மிச்சம் இருந்துகொண்டே இருக்கிறது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துபோட்ட கதை.

அந்த மிச்சத்துக்கு விடை கிடைக்க ரொம்ப காலம் ஆனது. டேனியல் போவே பாரிஸில் 1937-ல் முதல் ஆன்டிஹிஸ்டமின்களைக் கண்டுபிடித்தார். மெபிரமின் 1944-ல் வந்தது. 1948-ல் ஃபோல்கோ, ஹேகர், கால்சன் என்ற மூவர், அழுத்தம் இறங்குவதில் ஒரு பகுதியை மட்டுமே இந்த மருந்துகள் தடுக்கின்றன என்பதைக் கவனித்து, இரண்டு வகை ஏற்பிகள் இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் சொன்னதை நிரூபிக்கக் கையில் மருந்து இல்லை. 1966-ல் ஆஷும் ஷீல்டும் மெபிரமின் அடைக்கும் ஏற்பிக்கு எச்1 என்று பெயர் வைத்தார்கள். மற்றதை, அதாவது எச்2-ஐ, அடைக்கும் மருந்து, புரிமமைடு, ஜேம்ஸ் பிளாக்கின் குழுவிடமிருந்து 1972-ல்தான் வந்தது. அதன் வழித்தோன்றலான சிமெடிடின் 1976-ல் அல்சர் மருந்தாக விற்பனைக்கு வந்ததும், அந்த ஏற்பி வயிற்று அமிலத்தின் சொத்து என்பதுபோல எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அதே எச்2 ஏற்பி ரத்தக் குழாயிலும் இதயத்திலும் இருக்கிறது என்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை.

எச்1 முக்கியமாகக் குழாயின் உள்சுவர் செல்லில் இருக்கிறது. தூண்டப்பட்டால் அந்தச் செல் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது, அது பக்கத்திலிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. கொஞ்சம் ஹிஸ்டமினே போதும், சட்டென்று நடக்கும், சட்டென்று முடியும். எச்2 இருப்பது தசைச் செல்லிலேயே, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி வழியாக வேலை செய்கிறது. கூடுதல் ஹிஸ்டமின் வேண்டும், மெதுவாகத் தொடங்கும், நீண்டு நிற்கும். இதை வைத்துக்கொண்டு கோட்டை மறுபடி பாருங்கள். எச்1-ஐ மட்டும் அடைத்தால் ஆரம்பத்துச் செங்குத்து இறக்கம் குறைகிறது, பெரிய டோஸுக்கு மந்தமான ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. எச்2-ஐ மட்டும் அடைத்தால் ஆழம் அவ்வளவாக மாறாது, ஆனால் கோடு சீக்கிரம் மீண்டுவிடும், அதாவது அகலம் சுருங்கும். இரண்டையும் சேர்த்து அடைத்தால்தான் பள்ளம் ஏறக்குறைய முழுசாகப் போகிறது. முதல் கேள்வியில் சொன்ன பதிவில் மெபிரமினுக்குப் பிறகும் மிஞ்சியது எச்2-வின் பங்கு. சிமெடிடினையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், சோதனையில் ஒரு சரிபார்ப்பு அவசியம். மெபிரமினுக்கு முன்னும் பின்னும் அசெட்டைல்கோலினையும் ஒருமுறை கொடுக்கவேண்டும். அதுவும் உள்சுவர் செல் வழியாக நைட்ரிக் ஆக்சைடை விடவைத்துத்தான் அழுத்தத்தை இறக்குகிறது, ஆனால் வேறு ஏற்பி மூலமாக. அசெட்டைல்கோலினின் பள்ளம் மாறாமல் இருந்து ஹிஸ்டமினின் பள்ளம் மட்டும் சுருங்கினால், மருந்து ஹிஸ்டமினைத்தான் தடுத்தது என்று தைரியமாகச் சொல்லலாம். மெபிரமினுக்குப் பதிலாக டைஃபென்ஹைட்ரமினை எடுத்துக்கொண்டால் இரண்டு பள்ளமும் சுருங்கும், ஏனென்றால் அதற்கு அட்ரோபின் குணமும், அதாவது அசெட்டைல்கோலினின் ஏற்பியை அடைக்கும் குணமும், உண்டு. பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் பலவும் இப்படித்தான், ஒரு ஏற்பியோடு நிற்பவை அல்ல. சுத்தமான அட்ரோபினை மட்டும் கொடுத்தால் அசெட்டைல்கோலினின் பள்ளம் போய்விடும், ஹிஸ்டமினுடையது அப்படியே நிற்கும்.

கோடு திரும்ப ஏறுகிறதே, அது யார் வேலை? ஹிஸ்டமின் ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை, நொதிகள் சிதைத்துவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், உடல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. அழுத்தம் இறங்கியதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் மூளைக்குச் சொல்ல, பரிவு நரம்புகள் குழாய்களை இறுக்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. போதாததற்கு ஹிஸ்டமினே அந்தச் சுரப்பியை நேரடியாகவும் தூண்டுகிறது. எனவே இந்த எதிர்வினையை முடக்கும் எந்த மருந்தும், ஹிஸ்டமின் ஏற்பியைத் தொடாமலேயே, பள்ளத்தை ஆழமாக்கலாம் அல்லது நீட்டிக்கலாம். ஹெக்ஸாமெத்தோனியம் போல நரம்பு முடிச்சுகளை அடைக்கும் மருந்துகள், அட்ரினலினின் ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகளை அடைக்கும் ஆல்ஃபா தடுப்பான்கள், பீட்டா தடுப்பான்கள் எல்லாம் இந்த வரிசையில் வரும். அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய விலங்கு, சாதாரண விலங்கு தாங்கும் ஹிஸ்டமினைத் தாங்காது. ஈதர் மயக்கத்தில் பூனைகள் ஹிஸ்டமினுக்கு மிகச் சுலபமாக அதிர்ச்சி நிலைக்குப் போவதை டேலே 1920-ல் எழுதியிருக்கிறார். சோதனையில் எந்த மயக்க மருந்து பயன்படுத்தினீர்கள் என்று கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இதே சுரப்பி விஷயம் ஒரு காலத்தில் நோய் கண்டறியவும் பயன்பட்டது. ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி இருப்பவருக்குச் சிறிதளவு ஹிஸ்டமினைச் சிரையில் கொடுத்தால், அழுத்தம் கொஞ்சம் இறங்கிய கையோடு கட்டியிலிருந்து கொட்டும் அட்ரினலினாலும் நார்அட்ரினலினாலும் பயங்கரமாக ஏறும். 1945-ல் வந்த சோதனை இது. ஆபத்து அதிகம் என்பதால் எப்போதோ கைவிட்டாயிற்று, இப்போது ரத்தத்திலும் சிறுநீரிலும் அவற்றின் சிதைவுப் பொருள்களான மெட்டாநெஃப்ரின்களை அளந்துவிடுகிறார்கள். இருந்தாலும் ஹிஸ்டமின் என்றாலே அழுத்தம் இறங்கும் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

இரண்டாவது கேள்வி, அட்ரினலின். இல்லை, அது ஆன்டிஹிஸ்டமின் இல்லை. ஹிஸ்டமினின் எந்த ஏற்பியிலும் அது உட்காருவதில்லை. தனக்கென்று உள்ள ஏற்பிகள் வழியாக நேர் எதிரான வேலையைச் செய்கிறது: ஆல்ஃபா வழியாகக் குழாயை இறுக்குகிறது, பீட்டா1 வழியாக இதயத்தை வலுவாக அடிக்கவைக்கிறது, பீட்டா2 வழியாக மூச்சுக்குழாயைத் திறக்கிறது, அதே பீட்டா2 வழியாக மாஸ்ட் செல்கள் இன்னும் சரக்கைக் கொட்டாமல் தடுக்கவும் செய்கிறது. மருந்தியலில் இதை உடலியல் எதிர்ப்பு என்பார்கள். இதில் பெரிய வசதி என்னவென்றால், அழுத்தத்தை இறக்கியது ஹிஸ்டமினா, லியூக்கோட்ரையீனா, புரோஸ்டகிளாண்டினா, பிளேட்லெட் தூண்டும் காரணியா என்று அட்ரினலின் பார்ப்பதில்லை. அனாஃபிலாக்ஸிஸில் இவை எல்லாமே ஒன்றாக வெளியே வருகின்றன. ஆன்டிஹிஸ்டமின் அவற்றில் ஒன்றை மட்டும் தடுக்கும், அதுவும் இனிமேல் வரப்போகும் விளைவைத்தான். கசிந்த பிளாஸ்மாவைக் குழாய்க்குள் திரும்பக் கொண்டுவரவோ விரிந்த குழாயை இறுக்கவோ அதற்குச் சக்தி கிடையாது.

அதனால் அனாஃபிலாக்ஸிஸ் என்றால் முதல் ஊசி அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தோலுக்கு அடியில் போடுவது பழைய பழக்கம். அட்ரினலினே அங்கே குழாயை இறுக்கித் தன்னை உறிஞ்சவிடாமல் தாமதப்படுத்திக்கொள்ளும். குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில் தசையில் போட்டபோது சுமார் 8 நிமிடத்தில் உச்ச அளவு வந்தது, தோலுக்கு அடியில் போட்டபோது அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வாய்வழி செட்டிரிசின் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் மூச்சு இழுக்கிறவருக்கு, தலைசுற்றிச் சரிகிறவருக்கு, மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நடக்கிற மிக மோசமான தவறு.

ஊசியில் ஹிஸ்டமினே இல்லாமல் ஹிஸ்டமினின் பள்ளத்தை உண்டாக்கும் மருந்துகளும் இருக்கின்றன. மார்ஃபின், வான்கோமைசின், மயக்க மருத்துவத்தில் தசையைத் தளர்த்தும் அட்ராகுரியம், மிவாகுரியம், பழைய டியூபோகுராரின் போன்றவை மாஸ்ட் செல்லை நேரடியாகத் தூண்டி, அலர்ஜியே இல்லாதவரிடமும் ஹிஸ்டமினை வெளியே விடவைக்கும். இவற்றில் பல மருந்துகள் உட்காரும் மாஸ்ட் செல் ஏற்பி ஒன்று 2015-ல் அடையாளம் காணப்பட்டது. இங்கே வேகம்தான் எல்லாம். ஒரு கிராம் வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றச் சொல்வது இதற்காகவே. பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அழுத்தம் விழும். மார்ஃபின் வகையைச் சேர்ந்ததே என்றாலும் ‘ஃபென்டனில்’ என்ற மருந்து இப்படிச் செய்வதில்லை. இதய அறுவை சிகிச்சை நோயாளிகளுக்குப் பெரிய டோஸ் மார்ஃபின் கொடுத்த காலத்தில், முன்கூட்டியே எச்1 தடுப்பான் மட்டும் கொடுத்தால் போதுமான பலனில்லை, எச்2 தடுப்பான் மட்டும் கொடுத்தாலும் இல்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்த வீழ்ச்சி நன்றாகக் குறைந்தது. பூனையின் கோட்டில் பார்த்த அதே கணக்கு மனிதரிடமும்.

குரோமோகிளைகேட் என்ற மருந்தையும் இங்கே சொல்லவேண்டும். அது மாஸ்ட் செல்லைக் கட்டிப்போடும், ஏற்பியைத் தொடாது. ஆகவே ஹிஸ்டமினை நேரடியாக ஊசியில் கொடுத்தால் குரோமோகிளைகேட்டால் ஒரு பயனும் இல்லை. தேர்வில் அடிக்கடி மாட்டிவிடும் இடம். சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து என்றால் காசநோய்க்கான ஐசோனியசிட்: கெட்டுப்போன சூரை மாதிரியான மீனில் சேரும் ஹிஸ்டமினை, இதைச் சாப்பிடுகிறவர்களின் குடல் சரியாகச் சிதைக்காமல் விட்டுவிடலாம்.

ஒரு வேடிக்கையான முரண், ஆன்டிஹிஸ்டமினே அழுத்தத்தை இறக்கலாம். புரோமெத்தசினுக்கு ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் குணம் இருக்கிறது. குளோர்ஃபெனிரமினைச் சிரையில் சட்டென்று தள்ளினால் சற்று நேரம் பிபி இறங்கலாம், அதனால்தான் ஒரு நிமிடமாவது எடுத்து மெதுவாகப் போடச் சொல்கிறார்கள். ரானிடிடினையோ சிமெடிடினையோ வேகமாகச் சிரையில் தள்ளினால் இதயத்துடிப்பு மந்தமாகலாம். அழுத்தம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருப்பவரிடம் அட்ரினலினுக்கு முன் இவற்றைப் போடக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். வீட்டில் சாப்பிடும் செட்டிரிசின், லோரடடின் மாத்திரைகளால் பிபியில் சொல்லும்படியான மாற்றம் வருவதில்லை. சூடோஎஃபெட்ரின் சேர்த்த சளி மாத்திரைதான் பிபியை ஏற்றும், அதில் குற்றவாளி ஆன்டிஹிஸ்டமின் அல்ல.

மூன்றாவது கேள்வி, பிபி மாத்திரை. பீட்டா தடுப்பான் சாப்பிடுகிறவருக்கு அனாஃபிலாக்ஸிஸ் வந்தால் இரண்டு பக்கமும் அடி. உடல் தானாகச் செய்யும் எதிர்வினை மங்கிவிடுகிறது, வெளியிலிருந்து கொடுக்கும் அட்ரினலினுக்கும் பீட்டா ஏற்பியில் இடம் கிடைப்பதில்லை. குழாய் இறுகும், ஆனால் இதயம் எழும்பாது, மூச்சுக்குழாய் திறக்காது. அப்போதும் முதல் மருந்து அட்ரினலின்தான். பலன் போதவில்லை என்றால் குளூக்ககான் 1 முதல் 5 மில்லிகிராம் வரை சிரை வழியே மெதுவாகக் கொடுப்பார்கள். சர்க்கரைக்காக அல்ல. அது தன் சொந்த ஏற்பி வழியாக இதயச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும், அடைபட்ட பீட்டா ஏற்பியை நம்பியிருக்க வேண்டியதில்லை. வாந்தி வரும் என்பதால் மூச்சுப்பாதையைக் கவனித்துக்கொள்ளவேண்டும். ஆல்ஃபா தடுப்பானோ குளோர்புரோமசின் மாதிரி ஆல்ஃபா அடைக்கும் மனநல மருந்தோ சாப்பிடுகிறவரிடம் வேறு சிக்கல்: குழாயை இறுக்கும் பாதி வேலை செய்யாமல், விரிக்கும் பீட்டா2 பாதி மட்டும் மிஞ்சுவதால் அட்ரினலின் எதிர்பார்த்த அளவு தூக்காது. ஆல்ஃபாவை அடைக்கும் எர்காட் என்ற பூஞ்சைச் சாற்றைக் கொடுத்த விலங்கில் அட்ரினலின் அழுத்தத்தை ஏற்றாமல் இறக்குவதை டேல் 1906-லேயே பதிவு செய்துவிட்டார். எல்லாம் செய்தும் அழுத்தம் எழவில்லை என்றால், நைட்ரிக் ஆக்சைடு பாதையின் கடைசிப் படியைத் தடுக்கும் மெத்திலீன் புளூவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் முயன்று பார்ப்பதுண்டு.

எனாலப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் உடல் மீள்வதற்குத் துணைநிற்கும் ஆஞ்சியோடென்சினைக் குறைக்கின்றன, கூடவே குழாயை விரிக்கும் பிராடிகைனினைச் சிதையவிடாமல் வைக்கின்றன, அதனால் அனாஃபிலாக்ஸிஸ் வந்தால் கடுமை கூடலாம். இதையெல்லாம் படித்துவிட்டு பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா தடுப்பானைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம். கடுமையான அலர்ஜி வரலாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்றமுடியுமா என்று கேட்பதுதான் வழி. இன்னொன்று, இந்த ‘-ப்ரில்’ மாத்திரைகளாலேயே உதடும் நாக்கும் வீங்குவது உண்டு. அந்த வீக்கத்தில் அரிப்பும் தடிப்பும் இருக்காது, மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள் கழித்துக்கூட வரும். அதைச் செய்வது பிராடிகைனின், ஹிஸ்டமினுக்கு அதில் பங்கில்லை, ஆகவே எச்1, எச்2 என்று எதை அடைத்தாலும் அது அடங்காது. மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால், இந்த ஒரு நிலையில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும், ஒரு செட்டிரிசினைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக்கூடாது.